டாக்டர் பதில்கள்: எல்லா டெஸ்ட்டும் நார்மல், ஆனாலும் வலி போகவில்லை

காரணம் பிடிபடாமல் வருடக்கணக்கில் இழுக்கும் நோய்கள், அவற்றுக்குச் சுற்றுப்புற நச்சு காரணமாக இருக்குமா என்ற சந்தேகங்கள் பற்றி எழுதுமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் நான்குக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். பெயர்கள் வேண்டாம் என்று எழுதியவர்களே அதிகம் என்பதால், ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்.

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். என் கணவருக்கு 41 வயது. மூன்று வருடமாக வயிற்றுவலி. தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கும், வியர்த்துக் கொட்டும், இரண்டு மூன்று நாளில் தானாக விட்டுவிடும். மலச்சிக்கல் எப்போதும் உண்டு. முதலில் அல்சர் என்றார்கள். அப்புறம் குடல்வால் என்று ஆபரேஷன் செய்தார்கள். சில மாதத்திலேயே அதே வலி. எண்டோஸ்கோப்பி, ஸ்கேன் எல்லாம் நார்மல். ரத்தம் மட்டும் 9-க்கு மேல் ஏறவில்லை. ஒரு வருடமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார். கடைசியாகப் பார்த்த டாக்டர், மனநல மருத்துவரிடம் போகச் சொன்னார். பொறுமையான மனிதர், இப்போது சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறார். வலது கையில் ஸ்பேனர் நிற்காமல் நழுவுகிறதாம். வேலை பேட்டரி கடையில். பழைய பேட்டரியைப் பிரித்துப் புதுத் தட்டு போட்டுத் தருவார்கள். ஐந்து வயதுப் பையனும் சோர்ந்தே இருக்கிறான், பேச்சும் தாமதம். காற்றிலோ தண்ணீரிலோ ஏதாவது விஷமா? யாரிடம் போவது? — ஒரு வாசகி, ஈரோடு

அம்மா, ஸ்கேனையும் ஆபரேஷனையும் விரிவாக எழுதிவிட்டு, பேட்டரி கடையை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். நேரில் பார்க்காமல் நோயை உறுதி செய்ய முடியாது. ஆனால் நீங்கள் சொல்லும் அத்தனையும், முறுக்குவலி, மலச்சிக்கல், ஏறாத ரத்தம், எரிச்சல், கைப்பிடி தளர்வது, எல்லாம் சேர்ந்து காரீய (லெட்) நச்சைத்தான் காட்டுகின்றன. இந்த வாரமே அதைச் சோதித்துப் பாருங்கள்.

பேட்டரிக்குள் இருக்கும் தட்டு காரீயம். பிரிக்கும்போது தூளாகப் பறக்கும், உருக்கும்போது புகையாக மூக்கில் ஏறும். அது உள்ளே போய் ரத்தம் உருவாகும் வேலையையே தடுக்கிறது. உடம்பில் இரும்பு இருந்தும் அதை ஹீமோகுளோபினாக மாற்ற முடியாது. ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டும் 9-லேயே நிற்பது அதனால் இருக்கலாம். காரீயத்தால் வரும் வயிற்றுவலியைக் குடல்வால் என்று நினைத்துக் கத்தி வைப்பதும் புதிதல்ல, மருத்துவப் புத்தகங்களில் காலங்காலமாக எச்சரித்து எழுதியிருக்கிறார்கள். கையில் மணிக்கட்டைத் தூக்கும் நரம்புகள்தான் பெரியவர்களுக்கு முதலில் பழுதாகும். அவரை இரண்டு கையையும் நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொல்லிப் பாருங்கள். வலது கை தொங்கினால் டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

1700-ஆம் ஆண்டிலேயே ராமஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவர், நோயாளியிடம் 'நீ என்ன வேலை செய்கிறாய்' என்று கட்டாயம் கேட்க வேண்டும் என்று எழுதி வைத்தார். முந்நூறு வருடம் ஆகியும் நம் புறநோயாளிப் பிரிவுகளில் அந்தக் கேள்விக்கு நேரம் கிடைப்பதில்லை. எனக்கு இது உள்ளபடியே வேதனை. ராணிப்பேட்டைப் பக்கம் நான் வேலை பார்த்த காலத்தில், தோல் தொழிற்சாலைகளில் இருந்து கையில் ஆறாத புண்ணோடு வருவார்கள். களிம்பு மாற்றி மாற்றி வாங்கிச் சலித்திருப்பார்கள். எந்தத் தொட்டியில் கை வைக்கிறீர்கள் என்று கேட்டால்தான் தோல் பதனிடும் குரோம் ரசாயனம் என்று வெளியே வரும். கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். வேலையும் நோயும் அவர்களுக்கு வேறு வேறு.

சரி, என்ன செய்வது? 'பிளட் லெட் லெவல்' என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஈரோட்டிலேயே பெரிய லேப்களின் கிளைகளில் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பிச் சோதித்துத் தருவார்கள். ரத்தத்தைக் கையில் உள்ள ரத்தக்குழாயில் இருந்துதான் எடுக்க வேண்டும். விரலில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டியிருக்கும் தூளும் கலந்து அளவைக் கூட்டிக் காட்டும். கூடவே 'பெரிஃபெரல் ஸ்மியர்', அதாவது ஒரு துளி ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் சோதனையையும் செய்யச் சொல்லுங்கள். சிவப்பணுக்களுக்குள் நீலப்புள்ளிகள் தெரிந்தால் அது ஒரு தடயம். கணவருக்கு மட்டும் போதாது. பையனுக்கும் உங்களுக்கும் அதே சோதனை வேண்டும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தாலே நச்சு எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், 2021-இல் வெளியிட்ட வழிகாட்டலில். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லும்படியான அளவு எதுவும் கிடையாது என்பதும் அவர்கள் நிலைப்பாடு. உங்கள் கணவருக்கு இருப்பது போன்ற வலி பெரும்பாலும் 40-ஐத் தாண்டிய பிறகே வரும்.

பையனைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. குழந்தையின் குடல், உள்ளே போகும் காரீயத்தில் பாதியைக்கூட உறிஞ்சிவிடும். பெரியவர்களுக்கு அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அவன் கடைக்குப் போக வேண்டியதில்லை. அப்பாவின் சட்டை, தலைமுடி, வண்டி சீட்டு எல்லாம் ஏறி அது வீட்டுக்கு வந்துவிடும். வந்ததும் ஓடிப்போய் மடியில் ஏறுவான் அல்லவா? ஆகவே கணவர் கடையிலேயே தலைக்குக் குளித்து உடை மாற்றிக்கொண்டு வரட்டும். வேலைச் சட்டையை மற்ற துணிகளோடு ஊறப்போட வேண்டாம். வீட்டில் விளக்குமாற்றால் பெருக்கினால் தூள் எழும்பும், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கடையில் கை கழுவாமல் டீ, வடை, பீடி எதுவும் கூடாது. வீட்டுக் கொல்லையில் தட்டு உருக்கும் வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். பழைய பேட்டரிகள் பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலைகளுக்குத்தான் போக வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டு விதிகளே இருக்கின்றன.

மருந்து உண்டா என்று அடுத்துக் கேட்பீர்கள். அளவு மிக அதிகமாக இருந்தால் காரீயத்தைப் பிடித்துச் சிறுநீரில் தள்ளும் மருந்துகள் உண்டு. குழந்தைகளுக்கு 45-ஐ எட்டினால் கொடுப்பார்கள். ஆனால் தூளுக்கு நடுவே வேலை செய்துகொண்டே அந்த மருந்தைச் சாப்பிடக் கூடாது. முதல் வைத்தியம் விலகி இருப்பது. விலகினால் ரத்தத்தில் உள்ள அளவு ஒரு மாதத்தில் ஏறக்குறைய பாதியாகும். எலும்பில் சேர்ந்தது மட்டும் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், அதனால் சோதனையைத் தொடர வேண்டியிருக்கும். நீங்கள் அடுத்த குழந்தைக்குத் திட்டமிட்டிருந்தால் உங்கள் அளவு தெரியும்வரை பொறுங்கள். கர்ப்பத்தில் தாயின் எலும்பில் இருந்து கிளம்பிப் பிள்ளைக்குப் போகும் உலோகம் இது.

வேலையை விடச் சொல்வது எனக்கு எளிது, வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் உங்களுக்கு. முதலாளியிடம் பில் போடும் வேலை, டெலிவரி வேலை என்று சில மாதங்களுக்கு மாற்றிக் கேளுங்கள். சோதனைத் தாளைக் காட்டிக் கேட்டால் மறுப்பது கடினம். தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தில் அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியல் இருக்கிறது. அதில் முதலில் நிற்பதே காரீய நச்சுதான். சிறிய கடைகள் அந்தச் சட்டத்துக்குள் வராமல் போகலாம். இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் அங்கே காட்டுங்கள், தொழில்வழி நோய் என்று பதிவாவது உங்களுக்குப் பாதுகாப்பு. கணவரை மனநல மருத்துவரிடம் அனுப்பியதை நினைத்து அவர் குன்றிப்போயிருப்பார். அவருடைய எரிச்சலுக்கும் இந்த உலோகமே காரணமாக இருக்கக்கூடும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

என் அம்மாவுக்கு 55 வயது. குனிய முடியவில்லை, கழுத்தைத் திருப்ப முடியவில்லை, காலையில் எழுந்தால் உடம்பு கட்டை மாதிரி விறைத்திருக்கிறது. முடக்குவாதச் சோதனை நெகட்டிவ். தினம் வலி மாத்திரை போடுகிறார். எங்கள் ஊரில் ஃப்ளோரைடு தண்ணீர் என்பார்கள், ஆனால் அம்மாவின் பல் வெள்ளையாக இருக்கிறது, அதனால் அது இல்லை என்கிறார்கள். நாங்கள் போர் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம். — தர்மபுரி மாவட்ட வாசகர்

அம்மா பிறந்த ஊர் எது? கல்யாணமாகி வந்தவர் என்றால் பல்லை வைத்து முடிவு கட்டாதீர்கள். பல் முளைத்து உருவாகும் வயதில், அதாவது எட்டு வயதுக்குள், ஃப்ளோரைடு தண்ணீர் குடித்தால்தான் பல்லில் கறை விழும். வேறு மாவட்டத்தில் வளர்ந்து இருபது வயதில் உங்கள் ஊருக்கு வந்தவருக்குப் பல் வெள்ளையாகவே இருக்கும், எலும்பு மட்டும் கெடும். உங்கள் பல்லையும் உங்கள் கூடப்பிறந்தவர்கள் பல்லையும் கண்ணாடியில் பாருங்கள். பழுப்புக் கோடு இருந்தால் அதுவே அந்தத் தண்ணீருக்குச் சாட்சி.

காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். யுவி ஃபில்டரும் இதற்கு உதவாது. ஆர்ஓ குறைக்கும். அதைவிட நல்லது, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் உங்கள் தெருவுக்கு வருகிறதா என்று பார்ப்பது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு 2013-இல் அந்தத் திட்டம் வந்ததே ஃப்ளோரைடால் வரும் இந்த நோய்க்காகத்தான். அந்தக் குழாய்த் தண்ணீரைத் துணி துவைக்கவும், போர் தண்ணீரைச் சமையலுக்கும் வைத்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், 'போர் தண்ணிதான் ருசி' என்பார்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆற்றுத் தண்ணீர், மற்றதற்கு போர் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

மாவட்டத்தில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது, கட்டணம் கட்டி உங்கள் போர் தண்ணீரைச் சோதிக்கலாம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்கத் தகாது. அம்மாவுக்கு முன்கை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு எலும்புக்கும் நடுவில் உள்ள சவ்வு சுண்ணாம்பு படிந்து தெரிந்தால் நோய் உறுதி. படிந்ததைக் கரைக்க மருந்து இல்லை. ஆனால் தண்ணீரை மாற்றியவர்களுக்குச் சில மாதங்களில் வலியும் வயிற்றுத் தொல்லையும் குறைவதைப் பார்த்திருக்கிறேன். பால், கேழ்வரகு, நெல்லிக்காய் சேருங்கள், கடும் டீயைக் குறையுங்கள், தேயிலையிலும் ஃப்ளோரைடு உண்டு. வலி மாத்திரையைத் தினசரி போடுவதை டாக்டரிடம் பேசி நிறுத்துங்கள். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீரகம் கெட்டால் ஃப்ளோரைடு வெளியேறாமல் உடம்பிலேயே தங்கும்.

வயது 29, சென்னையில் ஐடி வேலை. இரண்டு வருடமாகத் தாங்க முடியாத அசதி, மறதி, உடம்பு வலி. ஒரு 'வெல்னஸ்' மையத்தில் ஒரு மாத்திரை கொடுத்து, அப்புறம் சிறுநீர் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் ஆர்சனிக், மெர்குரி, லெட் மூன்றும் சிவப்பில். உடம்பில் இருந்து உலோகத்தை எடுக்க டிரிப் போட வேண்டும், 20 முறை என்கிறார்கள். செய்யலாமா? — ஒரு வாசகி, வேளச்சேரி

வேண்டாம், அம்மா. அந்த டிரிப்பை ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்குக் கொடுத்த மாத்திரையே உலோகத்தை இழுத்துச் சிறுநீரில் கொட்ட வைக்கும் மருந்து. அதைச் சாப்பிட்டால் ஆரோக்கியமான யாருக்கும் அளவு எகிறும். பிறகு அந்த எண்ணை மாத்திரை சாப்பிடாதவர்களின் இயல்பு அளவோடு ஒப்பிட்டுச் சிவப்பு மை அடிக்கிறார்கள். இந்த முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் நச்சியல் மருத்துவர்கள் அமைப்பு வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. அந்த டிரிப்பில் ஆபத்தும் உண்டு. 2005-இல் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இப்படி ஏற்றிய மருந்தால் ரத்தத்தில் கால்சியம் சரிந்து இறந்துபோனான்.

ஆர்சனிக்குக்கு வேறு விளக்கமும் இருக்கலாம். சோதனைக்கு முந்திய இரண்டு மூன்று நாட்களில் மீன், இறால், நண்டு சாப்பிட்டீர்களா? கடல் உணவில் இருக்கும் ஒருவகை ஆர்சனிக் தீங்கில்லாதது, அப்படியே வெளியேறிவிடும். ஆனால் மொத்த அளவைப் பார்க்கும் சோதனையில் அதுவும் சேர்ந்து பயமுறுத்தும். உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் எந்த மாத்திரையும் போடாமல் ரத்தத்தில் காரீயமும் பாதரசமும் பாருங்கள், ஐந்து நாள் கடல் உணவை நிறுத்திவிட்டுச் சிறுநீரில் ஆர்சனிக் பாருங்கள். முடிச் சோதனை, காலைத் தண்ணீரில் வைத்தால் அது பழுப்பாகும் இயந்திரம், இவற்றுக்குக் காசு தராதீர்கள். அந்தத் தொட்டியில் கால் வைக்காவிட்டாலும் தண்ணீர் பழுப்பாகத்தான் ஆகும், உள்ளே இருக்கும் தகடு துருப்பிடிப்பதால்.

உங்கள் அசதியை நான் முழுவதுமாக நம்புகிறேன். அதனால்தான் தவறான கதவில் பணமும் வருடங்களும் போவதைப் பார்க்க மனம் வரவில்லை. தைராய்டு, பி12, ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச் சேமிப்பு), சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல் இவற்றைப் பார்த்தாகிவிட்டதா? இரவில் குறட்டை உண்டா? அசதி தொடங்குவதற்கு முன் காய்ச்சலோ கொரோனாவோ வந்ததா? வீடு மாறினீர்களா, வீட்டில் ஜெனரேட்டர் புகையோ சுவரில் பூஞ்சையோ உண்டா, ஊருக்குப் போனால் தெளிகிறீர்களா? தேதி போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பொது மருத்துவர் ஒருவரிடமே தொடர்ந்து போங்கள். மருத்துவரை மாற்றிக்கொண்டே இருந்தால் யாரிடமும் உங்கள் முழுக் கதை சேராது.

என் மூன்று வயது மகளுக்குப் பசியின்மை, ரத்தசோகை. டாக்டர் சொல்லி எடுத்ததில் ரத்தத்தில் ஈயம் (லெட்) 12. நான் ஆசிரியை, கணவர் வங்கியில். பக்கத்தில் ஆலை இல்லை. பெயின்ட் புதிது. எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை, இரவில் தூக்கம் இல்லை. — ஒரு வாசகி, கும்பகோணம்

12 என்பது செயல்பட வேண்டிய அளவு. ஆனால் மருந்து ஏற்றும் அளவு அல்ல. ஊற்றுக்கண்ணைக் கண்டுபிடித்து அடைத்தால் இறங்கிவிடும். எப்படித் தேடுவது என்பதற்கு வங்கதேசத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

அங்கே கிராமத்துக் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் காரீயம் அதிகம் இருந்தது. உங்களைப் போலவே ஆலை இல்லை, பேட்டரி இல்லை, பெயின்ட்டும் இல்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களும் டாக்கா ஆய்வாளர்களும் மண், அரிசி, பூச்சிமருந்து, தகர டப்பா என்று ஒவ்வொன்றாகச் சோதித்து ஒதுக்கிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் மஞ்சள்தூளில் போய் நின்றது. 1980-களில் ஒரு வெள்ளத்துக்குப் பின் நனைந்து மங்கிய மஞ்சளைப் பளிச்சென்று காட்டக் காரீயக் குரோமேட் சாயத்தைப் பூசத் தொடங்கி, அதுவே பழக்கமாகிவிட்டிருந்தது. பெண்களின் ரத்தத்தில் இருந்த காரீயத்தின் கைரேகையும் அந்தச் சாயத்தின் கைரேகையும் பொருந்தின. 2019-இல் செய்தி வெளியானதும் அரசு சந்தைகளில் சோதனை போட்டு அபராதம் விதித்தது. அந்த ஆண்டு 47 சதவீத மாதிரிகளில் காரீயம் இருந்தது. 2021-இல் ஒன்றில்கூட இல்லை. எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த செய்தி இது. தேடினார்கள், கிடைத்தது, நிறுத்தினார்கள். நம் நாட்டிலும் இந்தக் கலப்படம் உண்டு. 2024-இல் வெளியான ஆய்வில் பாட்னாவில் வாங்கிய மஞ்சளில் காரீயம் ஒரு கிராமுக்கு 1000 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. நம் சட்டம் அனுமதிப்பது 10.

ஆகவே முதலில் அடுக்களை. பளபளக்கும் மஞ்சளைத் தவிர்த்து, மங்கலான, தோல் சுருங்கிய விரலி மஞ்சளாக வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள். ரசம் எதில் வைக்கிறீர்கள்? ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் (டின்) செய்திருந்தால் பயமில்லை. ஆனால் மலிவாகக் கிடைப்பதில் காரீயம் கலந்திருக்கலாம். புளியும் தக்காளியும் சூட்டோடு சேர்ந்தால் அதைக் கரைத்துவிடும். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் அப்படியே. அமெரிக்காவில் சியாட்டில் பகுதியில், ஆப்கானிய அகதிக் குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் ஏன் என்று தேடிய சுகாதாரத் துறை, அவர்கள் ஊரில் இருந்து கொண்டுவந்த அலுமினியச் சட்டிகளில் அதைக் கண்டுபிடித்தது. கொஞ்ச நாளைக்கு எவர்சில்வருக்கு மாறுங்கள். பாட்டியின் சொம்பாக இருந்தாலும் சோதிக்காமல் அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

அப்புறம் குழந்தை. கண்மை, குங்குமம், கழுத்தில் கிடக்கும் மலிவு மணிமாலை, கடித்து விளையாடும் வண்ணப் பொம்மை, தாயத்துத் தகடு எல்லாவற்றையும் ஒரு மாதம் எடுத்து வையுங்கள். உரை மருந்து, பற்பம், செந்தூரம் கொடுக்கிறீர்களா? 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டன் கடைகளில் வாங்கிய தெற்காசிய ஆயுர்வேத மருந்துகள் 70-ஐச் சோதித்தபோது 14-இல் காரீயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது ஒன்றாவது இருந்தது. உலோகம் சேர்ந்த மருந்தை அதற்கு முறையாகப் படித்த வைத்தியரிடம் கேட்காமல் பிள்ளைக்குத் தராதீர்கள். பெயின்ட் புதிது என்றீர்கள், அதன் அடியில் என்ன இருக்கிறது? பழைய வீட்டின் கதவு, ஜன்னல் கம்பியைச் சுரண்டிவிட்டுப் புதிது அடித்திருந்தால் அந்தச் சுரண்டல் தூளே போதும். பெயின்ட்டில் காரீயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017-இல்தான். மகளைப் பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? அந்த வீட்டையும் இதே கண்ணோடு பாருங்கள், வீட்டோடு நகைப்பட்டறையோ பெயின்ட் வேலையோ உண்டா என்று விசாரியுங்கள்.

ரத்தசோகைக்கு டாக்டர் தரும் இரும்பு மருந்தை விடாமல் கொடுங்கள். இரும்பும் கால்சியமும் குறைந்த உடம்பு காரீயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். முருங்கைக்கீரை, முட்டை, பேரீச்சை, பால் எல்லாம் நல்லது. வெறும் வயிற்றோடு நெடுநேரம் விடாதீர்கள். சந்தேகப்படும் பொருள்களை எல்லாம் ஒரே நாளில் ஒதுக்கிவிட்டு, ஒரு மாதம் கழித்து அதே லேபில் திரும்பச் சோதியுங்கள். இறங்கியிருந்தால் ஒதுக்கியதில் ஏதோ ஒன்றுதான் காரணம். அவற்றைத் திரும்ப எடுக்காமல், மஞ்சளையும் சொம்பையும் உணவுச் சோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். இறங்கவில்லை என்றால் தண்ணீரையும் வீட்டுத் தூசியையும் சோதிக்க வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் ரிப்போர்ட்டின் நகலோடு எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன என்று பார்ப்போம்.